உடுத்த உடுப்போடு

மேசை லாச்சிக்குள் கையை விட்டு ரப்பர் முத்திரையைத் தேடினேன். முத்திரை மேசைமேல்தான் இருந்தது. எதிர்க் கதிரையில் இருந்தவளுக்கும் அது தெரிந்தது. காத்திருந்தாள்.

அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

விரலில் தட்டுப்பட்டது ஒரு நீலப் பிளாஸ்டிக் பட்டி. மணிக்கட்டில் சுற்றி அழுத்திவிட்டால் பிறகு கழலாது. வெட்டத்தான் வேண்டும். நான் வெட்டிய ஓரம் இன்னும் கூராக இருக்கிறது. அந்தத் தீவு விடுதியில், சாப்பாடும் குடிப்பும் இலவசம் என்பதற்கு அடையாளமாக, நாம் நால்வரும் ஒரு கிழமை கட்டியிருந்தோம். "மாட்டுக்குக் காதுல குத்துற நம்பர் மாதிரி இருக்குடி" என்றாய் நீ. ஆனால் ஊருக்கு வந்த பிறகும் நீ மட்டும் அதை வெட்டவில்லை.

கேள்வி கேட்டவளை உனக்குத் தெரியாது. குண்டசாலையில் இருந்து வந்திருந்தாள். அவளுடைய தங்கையை உன் கணவருக்குப் பேசுகிறார்கள். உன் வருடத் திதி முடிந்ததும் கல்யாணம்.

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. கல்யாணத்தின் மேல் இல்லை. உன் மேல்.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். சம்பந்தப் பேச்சு வந்தால் விசாரிப்பார்கள். கடைத்தெருவில், கோயிலில், வேலை செய்யும் இடத்தில். மாப்பிள்ளை குடிப்பாரா, கை நீட்டுவாரா. கேட்கப்பட்டவர் மழுப்பினால் அந்த மழுப்பலே பதில். இரண்டாம் கல்யாணம் என்றால் முதல் மனைவியின் ஆட்களிடமும் போவார்கள். உனக்கு அக்கா தங்கை இல்லை. உன் அம்மாவுக்கு நினைவு இப்போது ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆகவே சிநேகிதி. ஆகவே நான்.

"உங்க சிநேகிதிக்குத்தான் குறைன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்றாங்க" என்றாள் அவள். "அதுதானே மிஸ்?"

எனக்கு விடை தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு நீச்சல் குளத்தின் ஓரத்தில்.

*

அந்தப் பயணம் ரிஸ்வானாவின் யோசனை. கலகெதரக்காரி. இப்போது ரொறன்ரோவில், பயண முகவர் அலுவலகம் ஒன்றில். மேகலா லண்டனில். பிறந்தது யாழ்ப்பாணம். குளிரைத் திட்டாமல் ஒரு வசனம் முடிக்கமாட்டாள். நீ கண்டியில், நான் நாவலப்பிட்டியில். பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் படுத்தவர்கள். எல்லோருக்கும் முப்பது தாண்டியிருந்தது.

நான்கு விடுதிகளின் படத்தை ரிஸ்வானா குழுவில் போட்டாள். நீ மூன்றாவதைத் தேர்ந்தாய். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியில்லாத இடம்.

ரிஸ்வானாவின் குரல்பதிவு உடனே வந்தது. "அல்லாவே, அடல்ட்ஸ் ஒன்லி எண்டு போட்டீக்கி. எங்கட உம்மாக்கு நான் என்னண்டு செல்ற?"

கண்டியில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல்லும் தியேட்டர் வாசலில் பார்த்தவை.

"விசரி, அது ஒரு கெட்ட இடமும் இல்லை" என்றாள் மேகலா. "சின்னப்பிள்ளையள் இருக்காது. அவ்வளவுதான்."

நீ எழுதினாய்: அதான் வேணும்.

என் அம்மாவுக்குத் தீவின் பெயர் வாயில் நுழையவில்லை. "மேற்கிந்தியத் தீவா? கிரிக்கட் ஆட வருவாங்களே, அவங்க ஊரா? அங்க போயி என்னா செய்யப் போறீங்க?"

"சும்மா இருக்கப் போறோம்மா."

"அதுக்கு நாவலப்பிட்டியில எடமில்லையா?"

ஏன் அந்த இடம் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருடம் உன் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கல்யாண வீடுகளில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பார்த்துக்கொண்டு, "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" பிறந்தநாள் வீடுகளில் யாருடைய குழந்தையையாவது கொண்டுவந்து உன் மடியில் வலிய வைப்பார்கள். இல்லையென்றால் உன்னைத் தாண்டிச் சுற்றிக் கொண்டுபோவார்கள். ரெண்டும் ஒண்ணுதான் என்பாய். குழந்தைகளே இல்லாத ஓர் இடத்தில் ஒரு கிழமை இருந்து பார்க்க வேண்டும். உன் ஆசை அவ்வளவுதான்.

*

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. இப்போதாவது சொல்கிறேன்.

விடியும் முன்பே மணலை வாரி இழுத்து, நேற்று யாரும் நடக்காததுபோல ஆக்கிவிடுவார்கள். பகல் முழுக்கப் பாட்டு. சோறு வேகாமல் நறுக்கென்று இருந்தது. வேண்டியதைக் குடிக்கலாம் என்ற இடத்தில் மூன்று பேர் பழச்சாறு குடித்தோம். மேகலா ஒருநாள் மட்டும் ஏதோ பச்சை நிறத்தில் குடித்துவிட்டு, "இருமல் மருந்து போல கிடக்கு" என்று வைத்துவிட்டாள். நீ பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த, மிளகாய் இடித்த கட்டாச் சம்பலைக் காலைப் பந்தியில் பாணுக்குள் வைத்து, மேசைக்குக் கீழே எங்களுக்குக் கைமாற்றினாய். பரிசாரகர் பார்த்துவிட்டார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாய். கண்ணில் தண்ணீரோடு அவர் உன்னை 'மேடம்' என்று கும்பிட்டதுதான் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த காட்சி.

தென்னைகள் நிறைய. ஒன்றிலும் காய் இல்லை. விருந்தாளிகளின் தலையில் விழுந்துவிடும் என்று பிஞ்சிலேயே பறித்துவிடுவார்களாம். நீ சாய்வுக் கதிரையில் கிடந்து மேலே பார்த்தாய்.

"இதுங்களையும் யாராச்சும் கேட்பாங்களாடி, ஏன் காய்க்கலன்னு?"

நான் சிரிக்கவில்லை. நீ சிரித்தாய்.

முதல் நாளே விதி போட்டது நீ. நீச்சல் குளத்துப் படியில் நின்றுகொண்டு, நீதவான் மாதிரி. "கல்யாணம், புள்ள, மாமியா. இந்த மூணப் பத்தி யாரு வாயத் திறக்கிறாங்களோ, அவங்க உடுத்த உடுப்போட தண்ணியில குதிக்கணும். குதிச்சதோட சரி. அதுக்கப்புறம் அந்தப் பேச்சு முடிஞ்சது. யாரும் திருப்பி எடுக்கக்கூடாது."

ரிஸ்வானாவின் வாய் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. "மூத்தவன் இப்ப எழும்பீப்பான்" என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். தலைமுதல் கணுக்கால்வரை மூடிய நீச்சலுடையில் நிதானமாக இறங்கினாள். "எனக்கு உடுத்த உடுப்பே இதுதானேடி."

"கள்ளி" என்றாள் மேகலா. "இவளுக்கு இனி ஒரு கோட்டும் போட்டுத்தான் தள்ளவேணும்."

அடுத்த நாள் மேகலாவே விழுந்தாள். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுக் குதித்தாள். "அது என்ன சத்தம், பிள்ளை?" என்று லண்டன் அம்மா என்னிடம் கேட்டார். மழை என்றேன்.

நீயும் நானும் மட்டும் நனையாமல் இருந்தோம்.

*

குழந்தைகள் இல்லைதான். ஆனால் அந்த இடம் முழுக்கப் புதுத் தம்பதிகள். இரவு உணவில் யாருக்காவது கேக் வரும், கை தட்டுவார்கள். அதையும் நீ தாங்கினாய். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஒருத்தி வந்தாள். வெள்ளைக்காரி. ஏழு மாதமாவது இருக்கும். குளத்தின் நடுவில் மல்லாந்து மிதந்தாள். வயிறு மட்டும் தண்ணீருக்கு மேலே, வெயிலில்.

நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இதுக்கு அனுமதி உண்டா?" என்றாய். அவளைத் திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். பரிசாரகரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவாயோ என்றுகூடப் பயந்தேன்.

மறுநாள் பின்னேரம். ரிஸ்வானா அறையில் தூக்கம். மேகலா தலைமயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னக் கொடுத்துவிட்டு எங்கோ இருந்தாள். நாம் இருவரும் குளத்தோரம். நீ உன் மஞ்சள் சல்வாரில், ஊருக்குக் கிளம்பத் தயாராக. நீலப் பட்டியை விரலால் சுற்றிக்கொண்டே சொன்னாய்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. டெஸ்ட் எல்லாம் பாத்தாச்சு. எனக்கு ஒரு குறையும் இல்ல. அவருக்குத்தான்."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"நாலு வருஷமா."

நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் உன் மாமியார் உன்னை எத்தனை கோயிலுக்கு இழுத்துப் போனார். மாத்தளையில் மரத்தில் தொட்டில் கட்டினாய். துணியைக் கிழித்து, முடிச்சுப் போட்டு, உள்ளே ஒரு கல் வைத்து. படம்கூட எனக்கு அனுப்பினாய். தெரிந்துகொண்டே கட்டியிருக்கிறாய்.

"அவருக்குத் தெரியுமா?"

"ரெண்டு பேருந்தானே போனோம். வர்ற வழியில அழுதாரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதன்னாரு. சொல்லலன்னேன்."

"அதுக்காக நீ..."

"ஊரு என்னையப் பத்திப் பேசும். என்னால தாங்க முடியும். அவரப் பத்திப் பேசினா அவரு செத்துப் போயிருவாரு கவி."

கையை நீட்டினாய். நான் அடித்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று எழுதப் போவதில்லை. அந்த நேரம் அந்தக் கையை மறுக்க யாராலும் முடியாது.

பிறகு எழுந்தாய். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாய். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்தாய். குதித்தாய். தண்ணீர் தெறித்து என் புத்தகம் நனைந்தது. பார்மன் கை தட்டினார். அந்த வயிற்றுக்காரியும் தட்டினாள். மேலே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்.

"முடிஞ்சது. இனி இதப் பேசக்கூடாது."

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் நான் பேசினேன். ஏன் சுமக்கிறாய், யாருக்காக, எவ்வளவு காலத்துக்கு. நீ ஈரத் தலையை யன்னலில் சாய்த்துக்கொண்டு, "விதி தெரியுந்தானே" என்றாய். திரும்பத் திரும்ப அதையே. எனக்குக் கோபம். ரொறன்ரோ வரை விமானத்தில் ரிஸ்வானாவின் பக்கத்தில் போய் இருந்துகொண்டேன்.

*

பட்டியோடே வீட்டுக்குப் போனாய். உன் மாமியார் அதைப் பார்த்தார். மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டி என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும். ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டுவது.

"எந்த ஆஸ்பத்திரில இருந்த?"

நீ சும்மா சிரித்திருக்கிறாய். அவ்வளவுதான். சிநேகிதிகளோடு சுற்றுலா என்று பொய் சொல்லிவிட்டு, வெளிநாட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள் மருமகள். தெரு முழுக்க அதுதான் செய்தி. மூன்று மாதம் உனக்கு வீட்டில் மகாராணி மரியாதை. தூக்க விடமாட்டார், குனிய விடமாட்டார். என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "இருக்கட்டும்டி, கெழவிக்கு ஒரு சந்தோசம்." மூன்று மாதம் முடிந்ததும் அந்தச் சந்தோசம் உன்மேலேயே திரும்பியது. வெளிநாட்டிலேயே கைவிட்டுவிட்டார்களாம். அப்படிக் குறையாம் உனக்கு.

உண்மையைச் சொல்ல இடம் கிடைத்த ஒவ்வொரு முறையும் நீ சிரித்தாய்.

பிறகு டெங்கு. ஒரு கிழமைகூட இல்லை. உண்மையான ஆஸ்பத்திரிப் பட்டி உன் கையில். நான் வந்தபோது, "இதுலயும் சாப்பாடு இலவசந்தான்டி" என்றாய். அது நான் கேட்ட கடைசி வசனம். அதற்கும் நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அவரைப் பற்றிப் பேசினால் அவர் செத்துப்போவார் என்றாய். செத்தது நீ.

பதினாறாம் நாள் வீட்டில் நான் சமையல் பக்கம் நின்றேன். ஒரு பெரியம்மா சொன்னார். "ஒரு புள்ளையாவது பெத்து வச்சிட்டுப் போயிருக்கலாம். அதுக்கும் குடுத்து வைக்கல பாவி." வாசலில் உன் கணவர் நின்றார். கையில் தேத்தண்ணீர்த் தட்டு. கேட்டது. முகத்தில் தெரிந்தது. தட்டை நீட்டினார். அந்தப் பெரியம்மா ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். உன் கணவர் அடுத்தவரிடம் போனார்.

அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் அவரை மன்னிக்கவில்லை. ஒரு வசனம் போதும். அதைக்கூட அவர் சொல்லவில்லை. நீ இருந்தவரை நீ அவருக்கு மறைவு. போன பிறகும் நீயே மறைவு.

உன் இறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது நான்தான். அவரே கொண்டுவந்தார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர்ப்பலகையில் இருக்கிறது. எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல். கீழே முத்திரை. அதுதான் என் தொழில். உன் விஷயத்தில் மட்டும் ஒரு வரியை விட்டுவிட்டு நிற்கிறேன். விடச் சொன்னது நீ.

*

"மிஸ்?"

லாச்சியில் இருந்து கையை எடுத்தேன்.

குண்டசாலைக்காரி என்னைவிடச் சின்னவள். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள். வெளியே வானம் இருண்டு, வீதி முழுக்கக் கடைக்காரர்கள் மழைக்குப் படங்கு இழுக்கும் சத்தம்.

"தங்கச்சி மொண்டிசோரி டீச்சர்" என்றாள். "வயசு முப்பத்தஞ்சு ஆச்சு. இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஜாதகத்துல நின்னு போச்சு. அதுக்குப் புள்ளைங்கன்னா உசுரு மிஸ். வேற ஒண்ணும் கேக்கல அது. அதான் இத மட்டும் தெளிவாக் கேட்டுட்டு வான்னு அம்மா அனுப்பினாங்க."

தலையாட்டினால் போதும். தலையாட்டாமல் சும்மா இருந்தாலும் போதும். என் மௌனம் குண்டசாலைக்குப் போய்ச் சேரும்போது 'ஆமாம்' என்று ஆகியிருக்கும். உன் சத்தியம் அப்படியே இருக்கும். இன்னொரு பெண் மாத்தளையில் தொட்டில் கட்டுவாள். அவளுக்கு உன்னைப்போலச் சிரிக்க வருமோ தெரியாது.

நீ அந்தப் பெண்ணை நினைத்திருக்கவில்லை. உன்னை நீயே கொடுத்துக்கொண்டாய், சரி. உன் வாழ்க்கை உன்னுடையது. இவளையும் கொடுக்க உனக்கு யார் உரிமை தந்தது? பஸ்ஸில் கேட்க எனக்குத் தோன்றாத கேள்வி இது. இப்போது தோன்றுகிறது. இப்போது நீ இல்லை.

"அவளுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்றேன்.

உன் வசனம்தான். எதையும் சேர்க்கவில்லை.

கைப்பையின் வாரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. பிறகு, "அப்ப..." என்றாள்.

"அதுக்கு மேல என்கிட்டக் கேக்காதீங்க. அவருகிட்டயே கேளுங்க. ஒளிக்காம சொன்னாருன்னா, பிறகு உங்க தங்கச்சி முடிவு பண்ணட்டும்."

எழுந்தாள். கதவுவரை போனாள். திரும்பினாள்.

"ஆளு நல்லவரா மிஸ்?"

எல்லாக் கோபத்தோடும் யோசித்துப் பார்த்தேன். நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் கால்மாட்டில் தரையில் இருந்தவர். உன் கட்டாச் சம்பல் போத்தலைக் கழுவாமல் இன்னும் வைத்திருப்பவர்.

"நல்லவருதான்" என்றேன். அதுவும் உண்மை. அதுதான் என்னை ஆத்திரப்படுத்துகிறது.

*

கண்டியில் என் கந்தோர் அறையைப் பூட்டிவிட்டு இறங்கியபோது மழை அடித்து ஊற்றியது. கையில் குடை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எல்லோரும் கடை ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். நான் நடந்தேன். குடையை விரிக்கவில்லை. குட்ஷெட் பஸ் நிலையம் வரைக்கும். இங்கே எனக்கு நீச்சல் குளம் இல்லை.

ஒரு மூன்றுசக்கர வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்து, இவளைக் கேட்டுப் பிரயோசனமில்லை என்று போய்விட்டார். நாவலப்பிட்டி பஸ்ஸில் கொண்டக்டர் நேராகவே கேட்டார்.

"மிஸ், கொடையைக் கையில வச்சிக்கிட்டு ஏன் இப்படி நனையிறீங்க?"

"ஒருத்திக்கு வாக்குக் குடுத்தேன்" என்றேன்.

"அவங்க நனையலியா?"

"அவ முதல்லயே நனைஞ்சிட்டா."

டிக்கட்டைக் கிழித்துத் தந்துவிட்டு முன்னால் போய்விட்டார். சீட் ஈரமாகும் என்று கம்பளை வரைக்கும் நின்றேன். காலடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சின்னதாக ஒரு குளம். பக்கத்து அம்மா தன் மரக்கறிப் பையை அப்பால் இழுத்து வைத்துக்கொண்டார்.

இன்று இரண்டாம் நாள். குண்டசாலையில் இருந்து செய்தி இல்லை. உன் கணவரிடமிருந்தும் இல்லை. அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சம்பந்தம் முறிந்திருக்கலாம். என் பெயர் உன் வீட்டில் இப்போது என்ன பாடு படுகிறதோ. பட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப லாச்சியிலேயே போட்டேன். எறியத்தான் நினைத்தேன்.

விதிப்படி நான் குதித்துவிட்டேன். அதோடு சரி, இனி அந்தப் பேச்சு முடிந்தது. நீ போட்ட விதி. ஆகவே இதற்குப் பிறகு உன்னிடம்கூட இதைப் பேசமாட்டேன். கோபம் மட்டும் அந்த விதிக்குள் வரவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

அன்று உடுத்த உடுப்பு பின்கட்டுக் கொடியில் தொங்குகிறது. அம்மா காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, பிழிந்து மறுபக்கம் போட்டார். நாவலப்பிட்டியில் இந்த மாதம் எதுவும் காய்வதில்லை.